எராட்டிக் நாவலுக்கு எடிட்டர் எதுக்குன்னு கேட்டீங்களே

கேள்வி இதுதான்: இங்கிலாந்துல எராட்டிக் நாவலுக்குன்னே, அதாவது காமத்தை மையமா வெச்ச நாவலுக்குன்னே, தனி இம்ப்ரின்ட் இருக்காமே, அங்க எடிட்டர்னு ஒருத்தர் உக்காந்து என்னதான் பண்ணுவாரு, வர்றதுல எதை வாங்கலாம்னு எப்படி முடிவு பண்றாங்க, கூச்சமா இருக்காதா, இங்கிலீஷ்ல எழுதற என் ஃப்ரெண்டு அனுப்பினா எடுப்பாங்களா.

நான் லண்டன்ல அப்படி ஒரு இடத்துல மொத்தம் ஆறு வருஷம் இருந்தேன், முதல் ரெண்டு வருஷம் வீட்டுல இருந்தே படிச்சு ரிப்போர்ட் எழுதிக் குடுக்கிற ரீடரா, அப்புறம் ஆபீஸ்ல டெஸ்க் எடிட்டரா. கம்பெனி பேரு வேண்டாம். ஊர்ல அம்மாகிட்ட "புக் கம்பெனில வேலை"ன்னு மட்டும் சொல்லி வெச்சிருந்தேன், அவங்களா அதைப் பாடப்புத்தகம்னு நினைச்சு தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க, ஒரு மாமா போன் போட்டு பையனுக்கு பிளஸ் டூ ஃபிசிக்ஸ் கைடு அனுப்ப முடியுமாம்மான்னு கேட்டாரு.

கூச்சம் பத்தி முதல்ல சொல்லிடறேன். ஆபீஸ் போன புதுசுல மூணு வாரம், அவ்ளோதான். முதல் வாரம் ட்யூப் ட்ரெயின்ல பிரின்ட் அவுட்டை மடியில கவுத்து வெச்சு எட்டி எட்டிப் படிச்சேன். மூணாவது வாரம் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட ரொம்ப சாதாரணமா "இந்த 114ஆம் பக்கத்துல இவளோட இடது கை எங்க இருக்கு, எனக்குப் புரியவே இல்லை"ன்னு கேக்கறேன், அவர் சேரைத் திருப்பிப் போட்டு உக்காந்து பாத்துட்டு "வாய்ப்பே இல்லை, தோள்பட்டை கழண்டுடும்"னு சொல்றாரு, பின்னாடி அக்கவுன்ட்ஸ்ல இருந்து வந்த பொண்ணு ஸ்டேப்ளரை வாங்கிட்டுப் போயிட்டே இருக்கா.

கூச்சம் போனதும் அந்த இடத்துல வந்து உக்காருறது அலுப்பு, நிஜமான எதிரி அதுதான். கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுறவனுக்கு வடை மேல ஆசை இருக்காதுல்ல, அது மாதிரி ஆயிடும். அந்த அலுப்பையும் தாண்டி ஒரு கதை சாயங்காலம் ஆறு மணிக்கு என்னை சீட்டுல பிடிச்சு வெச்சுதுன்னா அதை வாங்கப் பாக்கணும், வெக்கலைன்னா எவ்ளோ சூடா இருந்தாலும் திருப்பி அனுப்பிடணும். பாதி வேலை இவ்ளோதான், மீதி எல்லாம் இதுக்குள்ள வர்றதுதான்.

இம்ப்ரின்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரே பதிப்பகம், ஆனா தனிப் பேரு தனி லோகோ போட்டு ஒரு வகை புக் மட்டும் அதுல விடறது. ஓட்டல் ஒண்ணுதான், சைவத்துக்கு ஒரு வாசல் அசைவத்துக்கு ஒரு வாசல். வாசல்ல என்ன போர்டு மாட்டறோமோ அதை நம்பித்தான் ஆள் உள்ள வருது, அதனால போர்டுதான் சொத்து. இது புரியாம வாங்கினா என்ன ஆகும்னு பாரிஸ்ல ஒலிம்பியா பிரெஸ் நடத்தின மாரிஸ் ஜிரோடியாஸ் கதை இருக்கு. 1953ல ஆரம்பிச்ச இடம். அந்த மனுஷன் தலைப்பும் ரெண்டு வரி விளம்பரமும் மட்டும் போட்டு கேட்டலாக் அனுப்பிடுவாரு, ஆர்டரும் காசும் வந்ததுக்கு அப்புறம்தான் அந்தப் புக்கை எழுதவே ஆள் பிடிப்பாரு. இதே ஆள்தான் வேற யாரும் தொடப் பயந்த பெரிய இலக்கியத்தையும் போட்டாரு, அதுதான் வேடிக்கை. 1955ல ஜே.பி. டான்லீவின்னு ஒரு எழுத்தாளரோட நாவலைக் கொண்டு போய் பச்சை அட்டை போட்ட தன்னோட மஞ்சள் பத்திரிகை டைப் வரிசையில சேத்துட்டாரு, தன்னோட இலக்கியம் இப்படியா வரணும்னு அவருக்கு ஆத்திரம், கேஸ் மேல கேஸா இருபது வருஷம் ஓடுச்சு, கடைசியில திவாலான ஒலிம்பியா பிரெஸ்ஸையே ஏலத்துல டான்லீவி தரப்பு வாங்கிடுச்சு. தப்பான வாசல்ல உக்கார வெச்சதுக்கு ஓட்டலையே வாங்கிட்டாரு.

பிரிட்டன்ல இதுக்கு நல்ல உதாரணம்னா 1993ல வர்ஜின் பப்ளிஷிங் ஆரம்பிச்ச பிளாக் லேஸ். அவங்ககிட்ட ஏற்கெனவே நெக்சஸ்னு ஒண்ணு இருந்துச்சு, அது ஆம்பளை வாசகர்களுக்கு. பிளாக் லேஸ், பெண்கள் பெண்களுக்காக எழுதற எராட்டிக் கதைன்னு தெளிவா போர்டு மாட்டிக்கிட்டு வந்துச்சு, எழுதறவங்க பெண்ணா இருந்தாத்தான் எடுப்பாங்க. கெர்ரி ஷார்ப்னு ஒரு எடிட்டர் ரொம்ப வருஷம் அந்த வரிசையைப் பாத்துக்கிட்டாங்க. புதுசுன்னு பாத்தா அந்தக் கதையை விட அது கிடைச்ச இடம்தான், முன்னாடி இந்த மாதிரி புக் வேணும்னா லண்டன்ல சோஹோங்கற ஏரியாவுல ஜன்னலை மறைச்ச கடைக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகணும், இது சாதாரண புத்தகக் கடையில தன் பாட்டுக்கு நிக்குது, கூடைல நாலு புக்கோட அஞ்சாவதா போட்டுக்கிட்டுப் போகலாம். இன்னொரு தமாஷ், அதே 1993லதான் லிட்டரரி ரிவ்யூ பத்திரிகையில ஆபரன் வாங்கற அதோட எடிட்டர், மோசமான செக்ஸ் காட்சிக்கு வருஷா வருஷம் ஒரு பரிசுன்னு ஆரம்பிச்சாரு. அதுல எராட்டிக் புக்குக்கு இடமே கிடையாது, சீரியஸ் நாவல்காரங்க மட்டும்தான் போட்டியில. டிசம்பர் ஆனா எங்க ஆபீஸ்ல அந்த லிஸ்ட்டைச் சத்தமா படிச்சு சிரிப்போம், அல்ப சந்தோஷம்தான்.

சரி, எப்படி வாங்கறது. கேக்காமலே தபால்லயும் மெயில்லயும் வந்து குவியறதை ஸ்லஷ் பைல்னு சொல்லுவாங்க. சினாப்சிஸ்னு கதைச் சுருக்கம் ஒண்ணு, முதல் மூணு சேப்டர், அவ்ளோதான் கேப்போம். பத்துல ஒன்பது தேறாதுன்னு அஞ்சு பக்கத்துலயே தெரிஞ்சிடும். கவர் லெட்டர்லயே "இதெல்லாம் நானே அனுபவிச்சது"ன்னு எழுதறவங்க ஒரு ரகம், அதைப் படிச்சா சங்கடமா இருக்குமே தவிர கதை நல்லா ஆயிடாது. எலிசபெத்துன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பற ஆம்பளைங்க இன்னொரு ரகம், எப்படிக் கண்டுபிடிப்போம்னா முதல் பக்கத்துலயே ஹீரோயின் கண்ணாடி முன்னாடி நின்னு தன் உடம்பையே காய்கறிச் சந்தை மாதிரி ஒவ்வொண்ணா எடுத்து வெச்சு வர்ணிச்சுக்கிட்டு இருப்பா, எந்தப் பொம்பளைங்க காலையில ஆபீஸுக்குக் கிளம்பற அவசரத்துல அப்படி நிப்பாங்க சொல்லுங்க. மூணாவது ரகம்தான் ரொம்பக் கஷ்டம்: நல்ல இங்கிலீஷ், தப்பு ஒண்ணும் இல்லை, காட்சி எல்லாம் ஒழுங்கா நடக்குது, ஆனா அந்த ரெண்டு பேருக்குப் பதிலா வேற எந்த ரெண்டு பேரைப் போட்டாலும் அதே மாதிரிதான் நடக்கும். இதுதான் அலுப்போட ஊத்து. ஆசைன்னா ஒரு ஆளுக்கு இன்னொரு ஆள் மேல, குறிப்பா ஏதோ ஒண்ணு மேல வரணும், அவன் பேசறப்ப ஒரு வார்த்தையை முழுங்கறான்ல அது மேல, அவ கணக்கு நோட்டுல கோடு போடற விதம் மேல. உடம்பு அழகா இருக்குன்னு நாலு வரி எழுதினா அது ஆசை ஆகாது, கேட்டலாக் ஆகும்.

நான் சண்டை போட்டு வாங்கினதுல ஒண்ணு சொல்றேன், பேர் சொல்ல மாட்டேன். ஐம்பது வயசைத் தாண்டின ஒரு விதவை, வருஷத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து பியானோ ட்யூன் பண்ணிட்டுப் போற ஒரு ஆள். முதல் நாப்பது பக்கத்துல யாரும் யாரையும் தொடவே இல்லை. அவன் ஒரு கட்டையை அழுத்தி, தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, திரும்ப அழுத்தறான், அவ சமையல்கட்டுல நின்னுக்கிட்டு அந்த ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேக்கறா, என்னைக்காவது யாராவது என்னை இவ்ளோ கவனமா கேட்டிருக்காங்களான்னு நினைக்கறா. நான் ட்ரெயின்ல ஸ்டேஷனைத் தவற விட்டுட்டேன். மறுநாளே வாங்கணும்னு எழுதிப் போட்டேன்.

ஆனா எடிட்டர் நினைச்சா மட்டும் நடக்காது. எந்தப் புக்கை வாங்கறதுன்னு முடிவு பண்ற அக்விசிஷன் மீட்டிங்னு ஒண்ணு இருக்கு, சேல்ஸ், பப்ளிசிட்டி, ஃபைனான்ஸ் எல்லாரும் உக்காந்திருப்பாங்க, நாம ஒரு கணக்குத் தாள் கொண்டு போகணும், எத்தனை பிரதி அடிக்கறோம், விலை என்ன, கடையில இருந்து எவ்ளோ திரும்பி வரும், அட்வான்ஸ் எவ்ளோ. இந்த வகை நாவலுக்கு அப்ப அட்வான்ஸ் ஆயிரம் ரெண்டாயிரம் பவுண்டுக்குள்ளதான் இருக்கும், பேப்பர்பேக்குக்கு ராயல்டி ஏழரை சதவீதம். 6.99 பவுண்டு புக்குக்கு எழுத்தாளருக்கு வர்றது அரை பவுண்டு சொச்சம், 1,500 அட்வான்ஸ் குடுத்தா அது கழியவே கிட்டத்தட்ட 2,900 பிரதி விக்கணும். எண்பதாயிரம் வார்த்தை எழுதி இவ்ளோதானான்னு கேப்பீங்க, ஆமா இவ்ளோதான். அதுக்கு மேல மாசத்துக்கு இத்தனை புக்குன்னு ஸ்லாட் இருக்கும், "ஏற்கெனவே ரெண்டு டாக்டர் கதை இருக்கு, மூணாவது எதுக்கு"ன்னு நல்ல நாவல் அடிபட்டுப் போகும். என் பியானோ கதைக்கு சேல்ஸ்ல சொன்னது, முதல் காட்சி நாப்பது பக்கம் கழிச்சு வந்தா எவன் படிப்பான், ரெண்டாவது சேப்டர்லயே வரணும்னு. அது ஒண்ணும் முட்டாள்தனமான பேச்சு இல்லை, போர்டை நம்பி வந்தவங்களுக்கு இலை போட்டு உக்கார வெச்சு சாப்பாடே வரலைன்னா கோவம் வரும்தானே. கடைசியில என்ன பண்ணோம்னா முப்பதாம் பக்கத்துல அவளோட பழைய ஞாபகம் ஒண்ணு ரெண்டு பக்கத்துக்கு, அதுவும் கதைக்குத் தேவையானதா, எழுத்தாளரே எழுதிக் குடுத்தாங்க. நாப்பது பக்கமும் காப்பாத்தப்பட்டுச்சு. வித்தது சுமார்தான், ஆனா வாசகர் கடிதம் அதுக்கு வந்த அளவு வேற எதுக்கும் வரலை.

இனி எடிட்டிங். இதுக்குத்தான் உங்க கேள்வியிலயே ஒரு நக்கல் இருந்துச்சு, எராட்டிக் கதையில திருத்த என்ன இருக்குன்னு. மத்த நாவலை விட இதுலதான் அதிகம்னு நான் சொல்லுவேன்.

முதல்ல நான் பண்றது, ஒவ்வொரு படுக்கைக் காட்சியையும் எடுத்துட்டு அடுத்த சேப்டரைப் படிச்சுப் பாப்பேன். ஒண்ணும் குறையலைன்னா அந்தக் காட்சி வேஸ்ட். அந்தக் காட்சிக்கு முன்னாடி இருந்த நிலைமை பின்னாடி மாறி இருக்கணும், ஒருத்தர் ஏதாவது தெரிஞ்சுக்கணும், ஏமாறணும், கை ஓங்கணும், இறங்கணும், எதையாவது ஒளிச்சு வெக்கணும். சும்மா "ரெண்டு சேப்டருக்கு ஒண்ணு"ன்னு கணக்குக்குப் போட்டது பளிச்சுன்னு தெரியும், நம்ம சினிமாவுல இன்டர்வெலுக்கு அப்புறம் வர்ற குத்துப்பாட்டு மாதிரி. இதுல வேடிக்கை என்னன்னா எழுத்தாளருங்க சண்டைக் காட்சி, சாவு, அம்மா கூடப் பேசற காட்சி எல்லாத்தையும் வெட்ட ஒத்துக்குவாங்க, இதை மட்டும் ஒத்துக்க மாட்டாங்க, இதுக்குத்தானே வாசகர் வர்றாங்கன்னு வாதாடுவாங்க.

1940கள்ல அனாயிஸ் நின்ங்கற எழுத்தாளருக்கு நடந்ததை இப்படி வாதாடறவங்களுக்குச் சொல்லுவேன். இந்த மாதிரி எழுத்தைச் சேகரிக்கற ஒரு பணக்காரர், பக்கத்துக்கு ஒரு டாலர்னு கூலி பேசி ஆளை வெச்சு எழுத வெச்சாரு, அவங்களும் அவங்க நண்பர்களும் வாடகைக்கு வேண்டி எழுதிக் குடுத்தாங்க, அந்த ஆளு ஒவ்வொரு தடவையும் கவிதை எல்லாம் வேண்டாம், செக்ஸை மட்டும் எழுதுங்கன்னு சொல்லி அனுப்புவாராம். அவங்க கடுப்பாகி, உணர்ச்சியையும் சந்தர்ப்பத்தையும் உருவிட்டா மிச்சம் இருக்கறது அலுப்புதான்னு ஒரு கடிதமே எழுதினாங்க. அந்தக் கதைகள் புக்கா வந்தது 1977ல, அவங்க இறந்த வருஷம். அந்தப் பணக்காரர் மாதிரி மோசமான எடிட்டர் உலகத்துலயே கிடையாதுன்னு நான் நினைக்கறேன். வள்ளுவர் காமத்துப்பால்ல 250 குறள் எழுதி, முடிக்கிற மூணு அதிகாரத்தையும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகைன்னு சண்டைக்கே ஒதுக்கினாரு, ஸ்ட்ரக்சர் தெரிஞ்ச மனுஷன். என்கூட வேலை பாத்த இங்கிலீஷ்காரிகிட்ட இதைச் சொன்னப்ப அவ நம்பவே இல்லை, கல்யாணத்துக்குப் பரிசா குடுக்கற புக்குலயாடி இதுன்னு கேட்டா.

அப்புறம் கை கால் கணக்கு. சிரிக்காதீங்க, பாதி நேரம் இதுலதான் போகும். முதல் பாராவுல அவிழ்த்த சட்டையை மூணாவது பாராவுல திரும்ப அவிழ்ப்பாங்க. ஷூ கழட்டின மாதிரியே இருக்காது. ஒருத்தருக்கு மூணாவது கை முளைச்சிருக்கும். மூணு பேர் இருக்கற காட்சின்னா நான் பென்சில்ல குச்சி மனுஷங்க படம் வரைஞ்சு வெச்சுக்குவேன், அந்தப் பேப்பரை ஒரு நாள் பிரின்டர்லயே மறந்து விட்டுட்டு வந்து, குழந்தைங்க புக் போடற டிபார்ட்மென்ட்காரங்க எடுத்துக் குடுத்தாங்க. ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு ஸ்டைல் ஷீட் உண்டு, அதுல டிரஸ், விளக்கு எரியுதா, கதவு பூட்டியிருக்கா, யாருக்கு எந்தப் பக்கம் மச்சம், எல்லாம் இருக்கும். போலீஸ் எஃப்.ஐ.ஆர் மாதிரி.

வார்த்தைப் பிரச்சினை தனி. இங்கிலீஷ்ல உறுப்புங்களுக்கு மூணு வகைப் பேர்தான் இருக்கு, டாக்டர் சொல்றது, குடிகாரன் சொல்றது, கவிஞன் சொல்றது. முதலாவது ஆஸ்பத்திரி வாடை அடிக்கும், ரெண்டாவது அடிக்கிற மாதிரி இருக்கும், மூணாவதுல பூ, முத்து, குகைன்னு டூரிஸ்ட் கைடு ஆயிடும். தமிழ்லயும் இதே கதிதான், பாடப்புத்தக வார்த்தை, கெட்ட வார்த்தை, சங்க இலக்கியம், நடுவுல ஒரு சாதாரண வார்த்தை இல்லை, சரோஜாதேவி புக்கு எழுதினவங்க மேல ஆயிரம் குறை சொல்லலாம் ஆனா இந்தப் பள்ளத்துல அவங்களும்தான் விழுந்து எழுந்தாங்க. இதுக்குப் பொதுவா மருந்து கிடையாது. யார் வாயில இருந்து வருதுன்னு பாக்கணும். கதையில அவ நர்ஸ்னா டாக்டர் வார்த்தையைக் கூச்சமே இல்லாம சொல்லுவா, அது அவளுக்கு அழகு. வக்கீல் ஒருத்தன் பேரே சொல்லாம சுத்தி வளைச்சுப் பேசுவான், அதுவும் அவனுக்குப் பொருந்தும். எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னா எழுத்தாளர் பேசறாருன்னு அர்த்தம். பல இடத்துல பேரே தேவைப்படாது, "அவன் கை அங்க போனப்ப"ன்னா வாசகருக்குத் தெரியாதா என்ன. கடைசியா ஃபைல்ல தேடல் போட்டு எண்ணுவேன், முனகினாள் எத்தனை தடவை, மூச்சு நின்னுச்சு எத்தனை தடவை. ஒரு மேனுஸ்கிரிப்ட்ல ஹீரோயினுக்கு மூச்சு நின்னது அறுபத்தி ரெண்டு தடவை, ஓரத்துல "இந்தப் பொண்ணை கார்டியாலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க"ன்னு எழுதி அனுப்பினேன், எழுத்தாளர் ரெண்டு நாள் பேசலை, அப்புறம் அம்பத்தி அஞ்சை எடுத்துட்டாங்க.

என்ன எடுக்க மாட்டோம்னும் கேக்கணும் நீங்க, கேக்கலை, நானே சொல்றேன். 18 வயசுக்குக் கீழ யாரும் எந்த வடிவத்துலயும் கூடாது, ஞாபகக் காட்சின்னு சாக்குச் சொன்னாலும் சரி, ஒவ்வொரு ஃப்ளாஷ்பேக்குக்கும் உக்காந்து வயசுக் கணக்குப் போடுவோம், பியானோ கதையில அந்த முப்பதாம் பக்கத்துக்கும் போட்டோம். சொந்த ரத்தம், மிருகம் கிடையாது. பலாத்காரத்தைச் சுகமா காட்டறது எங்க இடத்துல கிடையாது. பிளாக் லேஸ் புக்குல முன்பக்கமே இது கற்பனை, நிஜ வாழ்க்கையில பாதுகாப்பா இருங்கன்னு ஒரு வரி போட்டிருப்பாங்க, எய்ட்ஸ் பயம் உச்சத்துல இருந்த காலம் அது.

சட்டம்னு பாத்தா பிரிட்டன்ல 1959 ஆபாசப் பிரசுரச் சட்டம், அதை வெச்சு 1960ல டி.எச். லாரன்ஸோட லேடி சாட்டர்லீஸ் லவர் நாவலைப் போட்டதுக்காகப் பெங்குவின் பதிப்பகம் மேல போட்ட கேஸ்ல பெங்குவின் ஜெயிச்சது எல்லாருக்கும் தெரியும். 1976ல இன்னொரு புக் மேல போட்ட கேஸும் தோத்த அப்புறம், வெறும் எழுத்து மேல கேஸ் போடறது ரொம்பவே குறைஞ்சு போச்சு. இப்ப நிஜமான சென்சார் ஜட்ஜ் கிடையாது, காசு வாங்கற கவுன்ட்டர். 2012 பிப்ரவரில, ஆன்லைன்ல பணம் கைமாத்தற பேபால் கம்பெனி, ஸ்மாஷ்வேர்ட்ஸ் மாதிரி இ-புக் தளங்களைக் கூப்பிட்டு சில வகை எராட்டிக்காவை எடுக்கலைன்னா பணம் பட்டுவாடா நிறுத்திடுவோம்னு சொல்லுச்சு, எழுத்தாளருங்க சத்தம் போட்ட அப்புறம் மார்ச்ல இறங்கி வந்தாங்க. 2013 அக்டோபர்ல மோசமான தலைப்புங்க சில கடைகளோட வெப்சைட்ல கிடக்குன்னு செய்தி வந்ததும் டபிள்யூ.எச். ஸ்மித்ங்கற கடை தன்னோட வெப்சைட்டையே மூடி வெச்சுது, இ-புக் விக்கற கோபோ பிரிட்டன்ல சொந்தமா வெளியிட்ட புக்கை எல்லாம் மொத்தமா தூக்குச்சு, சமையல் புக் போட்டவங்களுதும் சேத்துத்தான் போச்சு. ஒரு எலிக்கு வீட்டையே கொளுத்தின கதை.

2012ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ட்வைலைட்ங்கற ரத்தக்காட்டேரி காதல் நாவலோட ரசிகர் ஒருத்தர் எழுதின கதையா ஆன்லைன்ல ஆரம்பிச்சு, 2011ல ஆஸ்திரேலியாவுல ஒரு சின்ன பதிப்பகம் போட்ட ஃபிஃப்டி ஷேட்ஸை 2012ல ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தோட விண்டேஜ் வாங்குச்சு. 2014க்குள்ள மூணு பாகமும் சேத்து உலகம் முழுக்க 10 கோடி பிரதி. அமெரிக்காவுல ராண்டம் ஹவுஸ் 2012 கடைசியில ஊழியர் ஒவ்வொருத்தருக்கும் 5,000 டாலர் போனஸ் குடுத்துச்சு. புது புக் போடறதை நிறுத்தி வெச்சிருந்த பிளாக் லேஸே அந்த வருஷம் திரும்ப வந்துச்சு. எங்களுக்கு என்ன உத்தரவுன்னா "அதே மாதிரி, ஆனா வேற மாதிரி" பத்து புக் வேணும், மூணு மாசத்துல. அட்டையில இருந்து ஆளுங்களைத் தூக்கிட்டு டை, சாவி, பூட்டு, இறகுன்னு சாமான் போட ஆரம்பிச்சோம், பாத்திரக் கடை காலண்டர் மாதிரி இருந்துச்சு. நான் எடிட் பண்ணதுலயே எனக்குப் பிடிக்காத புக்கெல்லாம் அந்தப் பதினெட்டு மாசத்துல வந்ததுதான், கோடீஸ்வரன் பேரை மட்டும் மாத்தி மாத்தி. ரெண்டு வருஷத்துல வாசகருக்கும் நம்ம அதே அலுப்பு வந்துடுச்சு, ஷெல்ஃப் காலி, எங்க இம்ப்ரின்ட்டும் காலி.

கிண்டில்ல அட்டை யாருக்கும் தெரியாதுங்கறது இந்த வகைக்கு ஒரு பக்கம் பெரிய வரம், இன்னொரு பக்கம் எங்களுக்கு அதுவே எமன். அமேசான்ல நேரா போட்டா 2.99ல இருந்து 9.99 டாலர் வரைக்கும் விலைக்கு 70 சதவீதம் எழுத்தாளருக்கு, நாங்க குடுத்த ஏழரையை நினைச்சுப் பாருங்க. இ-புக் எராட்டிக் ரொமான்ஸுக்கே வழிகாட்டின எல்லோராஸ் கேவ், 2000ல ஓஹையோல ஆரம்பிச்சது, 2016 கடைசியில மூடிட்டாங்க. இப்ப தனி எராட்டிக் இம்ப்ரின்ட்டை விட ரொமான்ஸ் இம்ப்ரின்ட்டுக்குள்ளயே இதெல்லாம் கலந்துடுச்சு, சோர்ஸ்புக்ஸ் 2021ல ஆரம்பிச்ச ப்ளூம் புக்ஸ் மாதிரி இடங்கள், ஏற்கெனவே சொந்தமா போட்டு வித்துக் காட்டினவங்களைத்தான் தேடிப் பிடிக்கறாங்க. எடிட்டர் ஸ்லஷ் பைல்ல தேடின காலம் போய், சேல்ஸ் ரேங்க்ல தேடற காலம். எனக்கு இது பிடிக்கலை, பியானோ கதை மாதிரி ஒண்ணு அந்த ரேங்க்ல மேல வரவே வராது.

உங்க ஃப்ரெண்டுக்கு. வெளிநாட்டுல அனுப்பறதுன்னா ஒவ்வொரு இடமும் சப்மிஷன் கைட்லைன்ஸ் போட்டிருக்கும், அதை வரி விடாம படிக்கச் சொல்லுங்க, வார்த்தை எண்ணிக்கை, எது கூடாதுங்கற லிஸ்ட், எல்லாம் அதுல இருக்கும். சினாப்சிஸ்ல முடிவைச் சொல்லிடணும், "மீதியைப் படிச்சுத் தெரிஞ்சுக்குங்க"ன்னா தூக்கிப் போட்டுடுவாங்க. இந்தியாவுல புக்கா போடறதுன்னா கொஞ்சம் ஜாக்கிரதை, ஆபாசப் புக் மேல கேஸ் போடற சட்டப் பிரிவு பழைய ஐ.பி.சி. 292, 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதால 294. பாம்பே புத்தகக் கடைக்காரர் ஒருத்தர் மேல போட்ட கேஸ்ல, பிரிட்டன்ல பெங்குவின் ஜெயிச்ச அதே நாவலை 1964ல நம்ம சுப்ரீம் கோர்ட் ஆபாசம்னு சொல்லுச்சு. 2014ல அவீக் சர்க்கார்ங்கற பத்திரிகை ஆசிரியரோட கேஸ்ல, 1964ல வெச்ச அந்தப் பழைய அளவுகோலைக் கைவிட்டு இன்றைய சமூகம் எப்படிப் பாக்குதுங்கறதை வெச்சு, முழுசா பாத்துத்தான் முடிவு பண்ணணும்னு மாத்திட்டாங்க, ஆனா கேஸ் போடறவன் தீர்ப்பு படிச்சுட்டா வர்றான். ஆன்லைன்னா ஐ.டி. சட்டம் 67 தனி.

புனைபெயர் வெச்சுக்கறது நல்லது, எங்ககிட்ட எழுதினவங்கள்ல டீச்சர், நர்ஸ், சர்ச்சுல ஆர்கன் வாசிக்கறவங்க எல்லாம் உண்டு. ஒப்பந்தமும் செக்கும் நிஜப் பேர்ல, அட்டையில வேற பேர், அந்த ரெண்டு பேரும் சேந்திருக்கற ஃபைல் ஆபீஸ்ல ரெண்டே பேருக்குத்தான் தெரியும், பிரதி அனுப்பினாக்கூட வெறும் கவர்லதான் அனுப்புவோம். ஆனா மேனுஸ்கிரிப்ட் அனுப்பறப்பவே பாதிப் பேர் மாட்டிக்குவாங்க, மேல லேடி யாரோன்னு புனைபெயர் இருக்கும், வேர்ட் ஃபைலோட ப்ராப்பர்டீஸ்ல போய்ப் பாத்தா ஆசிரியர் பேர்னு நிஜப் பேரும், சில சமயம் அவங்க வேலை பாக்கற ஸ்கூல் பேருமே இருக்கும். அனுப்பறதுக்கு முன்னாடி அதை அழிச்சுடச் சொல்லுங்க.